இறுகிய தரையும் சூடேறும் இயந்திரமும்: தம்பிலுவில் வயற்புறத்தை முன்வைத்துச் சில குறிப்புகள்

உழவு இயந்திரத்தின் எஞ்சின் சூடேறுவது பற்றித் தமிழ்ச் சங்க ஆய்விதழொன்றில் எழுதுவது பொருத்தமா என வினவுவோர் இருக்கலாம். இலக்கியத்தைச் சமுதாயத்தின் உற்பத்தி வாழ்விலிருந்து பிரித்து நோக்கலாகாது என்று நாம் நீண்டகாலமாகக் கூறி வருகிறோம். ஆயினும் அவ்வுற்பத்தி எவ்வாறு நடைபெறுகிறது என்பதை நம் மொழியிலே தெளிவுற எழுதிப் பார்த்தது மிகக் குறைவு. மட்டக்களப்பு, அம்பாறைப் பிரதேசங்களின் களவெட்டி மொழி பற்றியும் பொலிப் பாடல்கள் பற்றியும் நம்மவர் எழுதியவை பல. அக்களவெட்டியில் எருமைகளின் இடத்தைப் பிடித்துக்கொண்ட இயந்திரம் பற்றியும், அதனை ஓட்டும் தொழிலாளி அன்றாடம் எதிர்கொள்ளும் மிகச் சாதாரணமான இடர் பற்றியும் எழுதப்பட்டவை அரியன. அவ்விடரையே இங்கு விளக்க முற்படுகிறோம்.

தம்பிலுவில், திருக்கோவிலை ஒட்டியமைந்த கரையோரக் கிராமம். கிழக்கே கடலும் மணல்மேடுகளும், மேற்கே வயல்வெளி. வடக்கு நோக்கிச் செல்லின் அக்கரைப்பற்று, நிந்தவூர், சம்மாந்துறை, கல்முனை என முஸ்லிம் மக்கள் செறிந்து வாழும் ஊர்கள். தமிழ்க் கிராமத்தவரின் வயல்களும் முஸ்லிம் ஊரவரின் வயல்களும் பல வட்டைகளிற் பக்கம் பக்கமாகவே கிடக்கின்றன. 1949இல் ஆரம்பிக்கப்பட்ட கல்லோயாத் திட்டம் இப்பிரதேசத்தின் பெரும் நிலப்பரப்பை நீர்ப்பாசனத்தின் கீழ்க் கொண்டுவந்ததாயினும், கரையின் தென்பாகத்திற் சாகாமம் போன்ற குளங்களை நம்பியும், வெறுமனே வானத்தை நம்பியும் விதைக்கப்படும் நிலம் உண்டு. அத்தகைய மானாவாரி நிலத்தில் மாரி மழை தொடங்குமுன்னரே காய்ந்து இறுகிய மண்ணைக் கிளறிப் புழுதியாக்கி விதைப்பது வழக்கம். கச்சான் காற்று வீசி வயலை வறளச் செய்த நாட்கள் அவை. வாய்க்காலில் நீர் இராது; மண் கல்லுப்போல இறுகியிருக்கும்; எஞ்சின் தன் முழுப் பலத்தையும் கொடுத்தாக வேண்டும். சேற்றுழவிற் சீராக ஓடிய அதே இயந்திரம் இங்கே சூடேறித் திணறும். அறுவடையின் பின் நெல்மூடை ஏற்றிய பெட்டியை இழுத்துக்கொண்டு தார் வீதியில் நெடுந்தூரம் ஓடும்போதும் இதே நிலை நேர்கிறது.

ஏன் இவ்வாறு நேர்கிறது? டீசல் எஞ்சின் தான் எரிக்கும் எரிபொருளின் வெப்பத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கையே வேலையாக மாற்றுகிறது. மற்றொரு பங்கு புகையுடன் கழிந்துவிடும். எஞ்சியதில் மிகப் பெரும்பகுதி உருளையின் சுவர் வழியாக வெளியே எடுக்கப்பட வேண்டியதாகும். எடுக்கப்படாவிடின் எண்ணெய்ப் படலம் மெலிந்து கருகும்; பிஸ்டன் விரியும்; ஈற்றில் உருளையோடு இறுகி எஞ்சின் நின்றுவிடும். குளிர்வித்தல் என்பது வெப்பத்தை அழிப்பதன்று; அதனை வேறொரு பொருளிடம் கையளிப்பதே. அப்பொருள் நீராகலாம், காற்றாகலாம், பிறிதொன்றாகவும் ஆகலாம். ஆகவே சூடேறும் இயந்திரத்தைக் கண்டதும் இயந்திரத்தை மட்டும் பரிசோதிப்பது பாதி வேலையே. அது வெப்பத்தைக் கையளிப்பதற்கு எதனை எதிர்பார்த்து ஆக்கப்பட்டது, அப்பொருள் வேலைக்களத்தில் உண்டா என்றும் கேட்க வேண்டும்.

நம் கண்ணிற் படாத ஓர் இயந்திரத்தைக் கொண்டு இதனை விளக்குவது எளிது. கனடாவின் கியூபெக் மாகாணத்து வல்கூர் என்னும் ஊரில் யோசெப்-ஆர்மன்ட் பொம்பார்டியே என்பவர் உருவாக்கிய சிறு பனிவண்டி 1959இற் சந்தைக்கு வந்தது. இன்றைய பனிவண்டிகளிற் பலவற்றில் எஞ்சினைச் சுற்றி ஓடும் திரவம், சுழலும் பட்டிக்கு மேலே பொருத்தப்பட்ட அலுமினியத் தகட்டறைகளூடாகச் செல்கிறது. பட்டி சுழலும்போது கீழிருந்து தளர்ந்த பனியை அள்ளி மேலே வீசும். அப்பனி தகட்டில் மோதி உருகும். உருகுவதற்கு வேண்டிய வெப்பத்தைத் திரவத்திலிருந்து பெற்றுக்கொள்ளும். மென்பனியில் ஓடும்வரை குறையில்லை. பல வண்டிகள் சென்று மிதித்து இறுகிப்போன தடத்திலோ பனிக்கட்டி மீதோ ஓடினால் மேலே வீசுவதற்குத் தளர்பனி இராது. சுற்றிலும் உறைகுளிர், வண்டி மட்டும் சூடேறுகிறது! அங்குள்ளோர் இதற்குச் செய்யும் பரிகாரம் நயமானது. சறுக்குச் சட்டத்திலிருந்து வில்லுருக்குக் கம்பிகளைத் தொங்கவிட்டு இறுகிய தரையைக் கீறச் செய்வர். கீறலில் எழும் பனித்தூள் தகட்டறையைச் சேரும். கம்பி இல்லாதோர் இடையிடையே தடத்தைவிட்டு ஓரத்து மென்பனிக்குள் இறங்கி ஓடுவர். நம் நாட்டிலிருந்து புலம்பெயர்ந்து கனடாவில் வாழ்வோருள் இதனைக் கண்டவர் பலர் இருப்பர்.

இனித் தம்பிலுவில் வயலுக்கு மீள்வோம். இங்கு இருவகை எஞ்சின்களை வேறுபடுத்திக் காண்டல் வேண்டும். வேறுபடுத்தாமையே பல இடர்களுக்கு மூலம்.

முதலாவது, நீர்த்தொட்டி எஞ்சின். சீனத்து இரு சக்கர உழவு இயந்திரங்களிற் பொருத்தப்படும் எஸ் 195 என்னும் ஒற்றை உருளை எஞ்சினை இதற்கு உதாரணமாகக் கொள்ளலாம். உருளையின் விட்டம் 95 மில்லிமீற்றர். நிமிடத்துக்கு 2000 சுற்றில் 12 குதிரைவலு. உருளையைச் சூழ்ந்த நீருக்கு மேலே திறந்த தொட்டியொன்று உண்டு. விசிறியின் காற்றை நம்பிய குளிர்விப்பு இதில் இல்லை. நீர் கொதித்து ஆவியாவதனாலேயே எஞ்சின் குளிர்கிறது. ஒரு லீற்றர் நீரை 30 பாகையிலிருந்து 100 பாகைக்குக் கொண்டுவர ஏறத்தாழ 290 கிலோயூல் வெப்பம் போதும். அதே நீரை முற்றாக ஆவியாக்க 2250 கிலோயூலுக்கு மேல் வேண்டும், அதாவது ஏழு மடங்குக்கும் அதிகம். ஆவியாதலின் வலிமை இதுவே. தொட்டியில் நீர் உள்ளவரை அந்நீரின் வெப்பநிலை கொதிநிலையைத் தாண்டாது. கச்சான் காற்றோ குளிர்காலமோ, அதற்குப் பெரும் வேறுபாடில்லை. ஆனால் நீர் தீர்ந்துகொண்டேயிருக்கும். முழுச் சுமையில் ஒரு மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 12 லீற்றர் நீர் ஆவியாய்ப் போகும். சேற்று வயலில் நீருக்குக் குறைவில்லை. புழுதி நிலத்தில் ஒரு வாளி நீருக்கும் தூரம் நடக்க வேண்டும். ஆகவே இவ்வெஞ்சினைப் பொறுத்தவரை சூடேறுதலைத் தடுத்தல் என்பது நீர் சுமத்தலே. காலையிற் புறப்படும்போதே அன்றைய உழவு நேரத்தைக் கணக்கிட்டு, அதற்குரிய நீரைப் பரலில் ஏற்றிச் செல்லவேண்டும். தொட்டியின் மேலே தெரியும் சிவப்பு மிதவை தாழ்வதற்குள் ஊற்றவேண்டும். நீர் முற்றாக வற்றிய பின் கண்டால் உடனே குளிர்நீரை ஊற்றலாகாது. கொதித்த வார்ப்பிரும்பு திடீரெனச் சுருங்கி வெடிக்கும். சுமையை நீக்கி, எஞ்சின் தானாக ஆறும்வரை பொறுத்திருந்து, பின் சிறிது சிறிதாக ஊற்றுவதே முறை.

எந்த நீரை ஊற்றுவது என்பதும் கரையோரத்தில் முக்கியமான வினாவாகும். களப்பை அண்டிய நீர் உவர்; சில கிணறுகளின் நீர் கடினம்; வாய்க்காலின் நீர் கலங்கல். தொட்டி எஞ்சினில் நீர் மட்டுமே ஆவியாகிறது. அதிலிருந்த உப்பும் சுண்ணமும் உள்ளேயே தங்கிவிடுகின்றன. நாளொன்றுக்கு எண்பது லீற்றர் நீர் வற்றினால், எண்பது லீற்றரின் உப்பும் ஒரு சிறு தொட்டியிற் சேர்கிறது எனலாம். தேநீர்க் கேத்தலின் அடியிற் படிவது போன்ற அப்படிவின் வெப்பக் கடத்துதிறன் இரும்பினதில் இருபதிலொரு பங்களவே. மெல்லிய படிவும் உருளைக்குப் போர்வை போர்த்தியது போலாகும். தொட்டி நிறைய நீர் இருந்தும் எஞ்சின் சூடேறுவதற்கு இதுவே காரணம். மழைநீர் மிகச் சிறந்தது. அது கிடையாவிடத்துக் கடினநீரைக் கொதிக்கவைத்துத் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றலாம். அத்துடன் தொட்டி நீரைக் குறித்த நாட்களுக்கொருமுறை முற்றாக வடித்து மாற்றவேண்டும். வற்றியதை நிரப்புவது மாற்றுவதாகாது.

இரண்டாவது வகை றேடியேற்றர் எஞ்சின். யப்பானிய இரு சக்கர இயந்திரங்கள் பலவற்றிலும், நான்கு சக்கர உழவு இயந்திரங்களிலும், இன்று வயலெங்கும் காணப்படும் அறுவடை இயந்திரங்களிலும் உள்ளது இதுவே. இங்கே நீர் மூடிய வழியிற் சுற்றி வருகிறது; வெப்பத்தை இறுதியில் ஏற்றுக்கொள்வது காற்று. நீர் தீர்வதில்லை, ஆதலால் நீர் சுமக்கும் வேலை இல்லை. ஆனால் காற்றின் வெப்பநிலையும் ஓட்டமும் இங்கே தீர்ப்பளிக்கின்றன. றேடியேற்றர் நீர் 95 பாகையும் காற்று 28 பாகையும் ஆயின் வேறுபாடு 67. காற்று 36 பாகையாயின் வேறுபாடு 59. வெளியேறும் வெப்பம் இவ்வேறுபாட்டைச் சார்ந்ததாகையால், வேறெதுவும் பழுதாகாமலே குளிர்விக்கும் ஆற்றலில் எட்டிலொரு பங்கு குறைந்துவிடுகிறது. பெட்டி இழுக்கும் இரு சக்கர இயந்திரம் வீதியிற் செல்லும் வேகம் சைக்கிளின் வேகமளவே. அவ்வேகத்திற் பின்னாலிருந்து காற்று வீசினால் முகப்பிற் படும் காற்று இல்லையென்றே சொல்லலாம். அப்போது விசிறி மட்டுமே துணை. விசிறியோ எஞ்சினின் சுற்றோடு கட்டுண்டது. பாரம் மிகுந்தவிடத்து உயர் கியரில் எஞ்சினை முக்கவிட்டு ஓட்டும் சாரதி, டீசலை மிச்சப்படுத்துவதாகக் கருதுகிறார். உண்மையில் அவர் வெப்பத்தைக் கூட்டி விசிறியைத் தளர்த்துகிறார். ஒரு கியர் குறைத்து, சுற்றைக் கூட்டி ஓட்டுவதே தகும்.

அறுவடைக் களத்திலோ காற்றிலேயே தடை மிதக்கிறது. பதரும் வைக்கோற் தூசியும் றேடியேற்றரின் முன்வலையை அடைத்துவிடும். வலை அடிக்கடி அடைபடுகிறதே என்று அதனைக் கழற்றி வீசுவது நாடெங்கும் காணப்படும் பழக்கம். அடைப்பு அப்போது வலையிலிருந்து தகடுகளின் நுண்ணிய இடைவெளிக்கு நகர்கிறது, அங்கிருந்து எடுப்பது மிகக் கடினம். வலையை வேலைநேரத்தில் மணிக்கொருமுறையேனும் துடைக்கவேண்டும். தகடுகளுக்குக் காற்றடித்தால் எஞ்சின் பக்கமிருந்து வெளிநோக்கி, மென்மையாக அடிக்கவேண்டும். வெளியிலிருந்து அடித்தால் தூசி மேலும் உட்புகும். விசிறிப் பட்டியைப் பெருவிரலால் அழுத்தினால் ஏறத்தாழ ஒரு சென்ரிமீற்றர் தாழலாம். அதற்கு மேல் தாழ்ந்தால் பட்டி நழுவுகிறதென்பது பொருள். சூடேறும் எஞ்சினிலிருந்து வெப்பநிலைக் கட்டுப்பாட்டு வால்வைக் கழற்றிவிடும் மெக்கானிக்குகளும் உளர். வால்வு இல்லாத எஞ்சின் இலேசான வேலையிற் போதிய சூட்டை அடையாது டீசலைத் தின்னும். சில வகை எஞ்சின்களில், றேடியேற்றருக்குச் செல்லாமலே நீர் குறுக்கு வழியிற் சுற்றத் தொடங்கி, கடும் வேலையின்போது சூடு முன்னிலும் அதிகரிக்கும். நமது நாட்டில் நீர் உறையாதாகையாற் குளிர்விக்கும் திரவம் வீண்செலவு என்ற எண்ணமும் பரவலாக உண்டு. உறைதலைத் தடுப்பது அதன் பயன்களில் ஒன்றே. துருவைத் தடுப்பதும் கொதிநிலையை உயர்த்துவதும் நமக்கு வேண்டியவை.

மூடியைப் பற்றித் தனியே சொல்லவேண்டும். றேடியேற்றர் மூடி நீரை அழுத்தத்தில் வைத்திருப்பது. அவ்வழுத்தத்தில் நீர் 100 பாகையைத் தாண்டியும் கொதியாதிருக்கும். சூடான நிலையில் மூடியைத் திருகினால் அழுத்தம் திடீரென நீங்கி, நீரின் ஒரு பகுதி கணத்தில் ஆவியாகி முகத்திலும் மார்பிலும் பீறிடும். தொட்டி எஞ்சினில் மூடியைத் திறந்து நீரூற்றிப் பழகிய கை, றேடியேற்றர் எஞ்சினிலும் அதையே செய்யப்போவது இயல்பே. விபத்து அங்கேதான் காத்திருக்கிறது. சுமையைக் கழற்றி, எஞ்சினை உடனே நிறுத்தாது மெதுவான ஓட்டத்தில் விட்டு விசிறியை வேலைசெய்ய விடவேண்டும்; நீர் ஒழுகிப் போயிருந்தாலோ பட்டி அறுந்திருந்தாலோ மட்டும் உடன் நிறுத்தவேண்டும். கையால் தொடக்கூடிய அளவுக்கு ஆறிய பின்னரே, ஈரச்சாக்கை மூடிமேல் இட்டுச் சிறிது திருகி, சீறல் அடங்கும்வரை பொறுத்திருத்தல் வேண்டும். அரை மணித்தியாலமோ அதற்கு மேலோ செல்லும்.

அந்த அரை மணித்தியாலம் யாருடையது? இவ்வினாவின்றி மேற்கூறிய அறிவுரைகள் அனைத்தும் வெறும் ஏட்டுச் சுரைக்காயே.

இயந்திரத்துக்கு முன்னர் இவ்வயல்களில் உழைத்த எருமையை எண்ணிப் பார்ப்பது இவ்விடத்துப் பயனுடையது. எருமைக்கு வியர்வைச் சுரப்பிகள் மாட்டைவிடக் குறைவு. கறுத்த தோல் வெயிலை ஈர்ப்பது. ஆகவே நீரிலோ சேற்றிலோ கிடந்தாலன்றி அதன் உடற்சூடு தணியாது. எருமையும் ஒருவகையில் நீர்த்தொட்டி எஞ்சினே! விடியற்காலையில் ஏர் பூட்டி, வெயில் ஏறுமுன் அவிழ்த்துக் குளத்தில் விடுவது கருணையால் மட்டும் நிகழ்ந்ததன்று. விடாவிட்டால் மாடு படுத்துவிடும்; போடியாருக்கே நட்டம். விலங்கின் உடல் வேலைநேரத்துக்கு ஓர் எல்லையை விதித்திருந்தது. அதன் நிழலில் உழவனுக்கும் ஓய்வு கிடைத்தது. அக்காலத்தைப் பொற்காலமாக்குவது நம் நோக்கமன்று; அந்நிலவுடைமை முறையின் கீழ்ப் பட்ட துன்பங்கள் வேறு. எனினும் வேலைநேரத்தின் எல்லை வெளிப்படையாக, எவரும் மறுக்கமுடியாதவாறு இருந்தது என்பது மனங்கொள்ளத்தக்கது.

இயந்திரம் வந்தபோது அவ்வெல்லை அகன்றதாகத் தோன்றியது. இரு சக்கர உழவு இயந்திரத்தின் வரலாற்றில் நம் நாட்டவர் ஒருவருக்கு முதன்மையான இடமுண்டு. பொறியியலாளர் றே விஜேவர்தன (1924-2010) 1950களில் வடிவமைத்த லான்ட்மாஸ்டர், பிரித்தானியாவில் உற்பத்தியாகிப் பல நாடுகளுக்குச் சென்றது. நம் நாட்டில் அப்பெயர் இவ்வகை இயந்திரம் அனைத்துக்குமே பொதுப்பெயராயிற்று. பின்னாளில் அவரே, எருமையின் வேலையை எஞ்சினைக்கொண்டு செய்விப்பதுதானா வேளாண்மையின் தேவை என்று கேட்டு, உழாது பயிரிடும் முறைகளின்பால் திரும்பினார். தம் கண்டுபிடிப்பைத் தாமே விசாரணைக்குட்படுத்திய அவரது நேர்மை நம் அறிவாளர் பலரிடம் காணக் கிடையாதது.

இதே மாற்றம் பனிநாட்டிலும் நிகழ்ந்தது. வட பின்லாந்தின் ஸ்கோல்ற் சாமி மக்களிடையே 1960களின் தொடக்கத்திற் புகுந்த பனிவண்டி பற்றி மானிடவியலாளர் பெர்ட்டி பெல்டோ 1973இல் ஒரு நூல் வெளியிட்டார். துருவமான் இழுத்த சறுக்குவண்டி சில ஆண்டுகளுக்குள் மறைந்தது. வண்டியும் பெற்றோலும் வாங்கப் பணம் வேண்டியதாயிற்று. வாங்க இயன்றோருக்கும் இயலாதோருக்குமிடையே முன்பில்லாத ஏற்றத்தாழ்வு தோன்றியது. மந்தைவளர்ப்பிலிருந்தே பலர் விலக நேர்ந்தது. அவ்விடத்துப் பாசியைத் தின்று உழைத்த விலங்கின் இடத்தில், தொலைதூரத்திலிருந்து வரும் எரிபொருளை நம்பிய இயந்திரம் அமர்ந்ததையே அவர் விரிவாக ஆராய்ந்தார். வரம்புப் புல்லைத் தின்ற எருமைக்கும் இறக்குமதி டீசலுக்கும் இடையிலுள்ள தூரமும் அதுவே. 2022இல் டீசலுக்காக நாடெங்கும் வரிசைகள் நீண்டபோது அத்தூரம் எத்தகையது என்பதை நம் விவசாயிகள் அறிந்துகொண்டனர்.

இயந்திரத்துக்கும் ஓய்வு வேண்டும் என்பதை இதுவரை கூறிய பௌதிகம் காட்டுகிறது. ஆனால் எருமை படுத்துக்கொள்வதுபோல அது வெளிப்படையாகப் படுப்பதில்லை. எஞ்சின் இறுகும்வரை ஓடும். இயந்திரம் ஒருவருடையது, அதற்குத் தவணை கட்டுபவர் அவர், நிலம் இன்னொருவருடையது, ஓட்டுபவர் மூன்றாமவர். கூலி ஏக்கர்க் கணக்கிற் பேசப்படுமிடத்து, வலை துடைக்க நிறுத்தும் பத்து நிமிடமும் ஆறவிடும் அரை மணித்தியாலமும் சாரதியின் கூலியிலிருந்தே கழிகின்றன. மழைக்கு முன் புழுதி உழவை முடிக்கவேண்டும் என்பதால் நிலக்காரர் அனைவரும் ஒரே வாரத்தில் இயந்திரத்தைக் கேட்பர். உரிமையாளர் அனைவருக்கும் ஒப்புக்கொள்வார். அவசரம் முழுவதும் சாரதியின் தோளில் இறங்குகிறது. எஞ்சின் இறுகியதும் அது அவருடைய கவனயீனமாகக் கணக்கிடப்படும். நிறுத்தும் நேரத்தை ஏக்கர்க் கூலியோடு சேர்த்துப் பேசுவதும், நீர் ஏற்றும் வேலையை உழவின் பகுதியாகக் கணக்கிடுவதும் பெரும் புரட்சியல்ல. விதைப்புக்கு முன் கூடும் விவசாயிகள் கூட்டத்தில் ஒரு மாலையிற் பேசித் தீர்க்கக் கூடியவையே. இயந்திர உரிமையாளருக்கும் இதில் இலாபமுண்டு என்பதை அவர்கள் அறியாதவர்களல்லர். தவணை நாள் நெருங்கும்போது அறிந்ததை மறக்க வேண்டியிருக்கிறது.

மொழியைப் பற்றியும் ஒன்று கூறியாக வேண்டும். எஞ்சினில் எது நேர்ந்தாலும் வயலில் வழங்கும் சொல் ஒன்றே: “தண்ணி கொதிக்குது”. தொட்டி எஞ்சினில் நீர் கொதிப்பது அது சரியாக வேலை செய்கிறது என்பதற்கு அடையாளம். றேடியேற்றர் எஞ்சினில் நீர் கொதிப்பது ஆபத்தின் அறிகுறி. எதிரெதிரான இரு நிலைமைகளை ஒரே சொல் குறிக்கிறது. ஒருவகை இயந்திரத்திலிருந்து மற்றதற்கு மாறும் இளைஞனுக்கு இச்சொல் உதவாததோடு வழிதவறவும் செய்யும். வெப்பமானியின் முள் அருகே உள்ள “சி”, “எச்” என்னும் ஆங்கில எழுத்துகளும் கைநூலின் ஆங்கிலமும் அவனுக்குப் பயன்படுவது அரிது. களவெட்டியிலே நெல்லுக்கும் மாட்டுக்கும் கருவிகளுக்கும் தனிச்சொற்கள் ஆக்கி வழங்கிய மக்கள் இவர்கள்; சொல்லாக்கத்தில் வறியவர்களல்லர். தொட்டி எஞ்சினுக்கு “நீர் வற்றுகிறது” என்றும், றேடியேற்றர் எஞ்சினுக்கு “நீர் பொங்குகிறது” என்றும் வேறுபடுத்தி வழங்கலாம் என்று கருதுகிறோம். இரண்டும் வயலிலும் அடுப்படியிலும் எவரும் அறிந்த சொற்கள். வற்றினால் ஊற்றவேண்டும்; பொங்கினால் தொடாது பொறுத்திருக்கவேண்டும். விவசாயப் பயிற்சி நிலையங்களின் தமிழ்ப் பிரசுரங்களை எழுதுவோர் இவ்விரு சொற்களையும் கையாண்டு பார்க்கலாம். சாரதிகளிடம் இவற்றினும் நல்ல சொற்கள் இருப்பின் அவற்றைக் கேட்டு எழுதிக்கொள்ளலாம்.